காப்புக் கட்டிய கையும் வேப்பமரத்துப் பாம்பும்

பாம்பு கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியும் என்று சொன்னால்தான் யாரும் நம்புவதில்லை. நான் வேலை செய்யும் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் என்னை முதலுதவிக் குழுவில் போட்டு ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மதியம் பிரியாணி போட்டார்கள். எல்லாரும் அதைத் தின்றுவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினார்கள். எனக்கு மட்டும் காரம் ஒத்துக்கொள்ளாமல் வயிறு எரிந்தது. அதனால் பாம்புக்கடிப் பாடம் முழுவதும் ஒரு வார்த்தை விடாமல் என் காதில் விழுந்தது. பயிற்சி முடிந்ததும் சட்டையில் குத்திக்கொள்ள பச்சை நிறத்தில் ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள்.

பேட்ஜ் குத்திய அடுத்த வாரமே எனக்கு ஒரு நோயாளி கிடைத்தாள். பேக்கிங் பகுதியில் பெட்டிக்குள் கைவிட்ட ஒரு பெண்ணைச் சிலந்தி கடித்துவிட்டது. சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, வீக்கம் கூடுகிறதா, மூச்சு முட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். பயிற்சியிலும் அப்படித்தான் சொன்னார்கள். நான் விட்டேனா? அவளைத் தரையில் படுக்கவைத்து, இரண்டு ரூலர் வைத்துக் கையைக் கட்டி, ஆம்புலன்ஸையும் வரவழைத்துவிட்டேன். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது அவள் படுத்த வாக்கிலேயே கறிபாப் பலகாரம் தின்றுகொண்டிருந்தாள். வந்தவர் நசுங்கிக் கிடந்த சிலந்தியைப் பார்த்தார், ரூலரைப் பார்த்தார், என் பேட்ஜைப் பார்த்தார். "அக்கா, இது வீட்டுக்கு வீடு இருக்கிற சிலந்தி" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்தச் செய்தி எனக்கு முன்னாலேயே எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு 'டாக்டரம்மா' என்று பெயர். சந்தையில் மீன்காரர்கூட, "டாக்டரம்மா, இந்தக் கெம்போங் மீனுக்கு மூச்சு இருக்கான்னு பாருங்க லா" என்பார். நான் பதிலுக்குக் கொடுத்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

நாங்கள் இருப்பது கோலசிலாங்கூருக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். பழைய லயங்களை இடித்துவிட்டு வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் அதே தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். கோயில் பக்கம் அதிகம் போகாத மனிதர். திருவிழா என்றால் அன்னதானப் பந்தலில்தான் அவரைப் பார்க்கலாம். அப்படிப்பட்டவர் இந்த வருடம் பூசாரியிடம் போய், மாரியம்மனுக்குக் கரகம் நான் தூக்குகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

"என்னா திடீர்னு?" என்று கேட்டேன்.

"சும்மாதான்."

"சும்மா யாராச்சும் கரகம் தூக்குவாங்களா?"

"தூக்கணும்னு தோணுச்சி. உனக்கு என்னா இப்போ?"

எனக்கு என்னவா? கரகம் தூக்குபவருக்கு வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கோத்த கயிற்றால் காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டிவிட்டால் வீட்டில் கவுச்சி கிடையாது. அவர் தனிப் பாயில், தனித் தட்டில், செருப்பில்லாமல் பத்து நாள் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கரகம் இறக்கிக் காப்பு அவிழ்க்கும்வரை எஸ்டேட் எல்லையைத் தாண்டக் கூடாது. மெயின் ரோட்டில் சேரும் இடத்தில் ஒரு கல் இருக்கிறது, அதுதான் எல்லை. நடுவில் காப்பை அறுத்தாலோ எல்லையைத் தாண்டினாலோ, எதற்காக வேண்டிக்கொண்டாரோ அது கைகூடாமல் போய்விடும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. ஆக, ஒரு கட்டுக் கீரை வாங்குவதற்கும், கேஸ் சிலிண்டர் மாற்றுவதற்கும், அவர் போனுக்கு டாப்-அப் போடுவதற்கும் எல்லையைத் தாண்டி ஓடுகிறவள் நான்தான். தொழிற்சாலை வேலையும் பார்த்துவிட்டு! சாமிக்கு வேண்டிக்கொள்வது அவர், விரதம் கிடப்பது நானா என்று தினமும் ஒருமுறையாவது கத்திவிடுவேன். அவர் பாயில் உட்கார்ந்தபடி சிரிப்பார்.

கரகத்துக்கு நான்கு நாள் இருந்தது. சனிக்கிழமை மதியம், நல்ல வெயில். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தில் குழை ஒடிக்க அவர் போனார். நான் கோயில் மடப்பள்ளியில் கடலை ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். "ஆத்தா!" என்று ஒரு சத்தம். எனக்குத் தெரிந்து அவர் அப்படிக் கத்தியதே இல்லை. லோரி ஒருமுறை கால்வாய்க்குள் கவிழ்ந்தபோதுகூட "அடச்சே" என்றுதான் சொன்னாராம்.

ஓடிப்போய்ப் பார்த்தால் மரத்தடியில் உட்கார்ந்து வலது கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பெருவிரலுக்குக் கீழே இரண்டு புள்ளி, அதில் ரத்தம். மேலே கிளையில் கருஞ்சாம்பல் நிறத்தில், முக்கோணத் தலையோடு, ஒன்றுமே நடக்காதது மாதிரி ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. கடற்கரையோரத்துக் கண்டல் காட்டிலிருந்து இந்த மாதிரிப் பாம்புகள் சில சமயம் எங்கள் பக்கம் வரும். எனக்கு உள்ளூரப் பயம். அது யாருக்கும் தெரியக் கூடாது என்று இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

அதற்குள் எள் போட்டால் விழாத கூட்டம். ஆளுக்கு ஒரு வைத்தியம். ஒருத்தர் இடுப்பு வேட்டியைக் கிழித்து முழங்கையில் இறுக்கிக் கட்ட வந்தார். இன்னொருத்தர் பிளேடு எடுக்க ஓடினார். பெட்ரோல் ஊற்று என்றார்கள், புகையிலை வை என்றார்கள். மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், வேப்பிலையை உருவி என் வீட்டுக்காரர் வாயில் திணித்தார். விஷம் ஏறியிருந்தால் கசப்புத் தெரியாதாம்.

"கசக்குதா?"

"கசக்குது."

"அப்ப விசம் ஏறல. பயப்படாத."

பக்கத்தில் இருந்த நான்கைந்து பேர் சந்தேகத்துக்கு ஆளுக்கு ஒரு வேப்பிலையை வாயில் போட்டு மென்று பார்த்தார்கள். எல்லாருக்கும் கசந்தது. எல்லாருக்கும் நிம்மதி. கை மட்டும் அதற்குள் இட்லி மாதிரி உப்பத் தொடங்கியிருந்தது.

"எல்லாரும் நவுருங்க! கட்டாதீங்க, கீறாதீங்க, வாயி வச்சி உறியாதீங்க, பாம்ப அடிக்காதீங்க!" என்று கத்தினேன்.

"வந்துட்டாங்கய்யா டாக்டரம்மா" என்றது ஒரு குரல். "ரூலரு கொண்டாங்க லா."

சிரித்தார்கள். மனுஷன் பாம்பு கடித்து உட்கார்ந்திருக்கும்போது சிரித்தார்கள்! வந்த ஆத்திரத்தில், வேட்டியைக் கிழித்தவர் கையிலிருந்த துணியைப் பிடுங்கினேன். என் வீட்டுக்காரரை ஆடாமல் அசையாமல் உட்காரச் சொன்னேன். விரலில் இருந்த மோதிரத்தை உடனே கழற்றினேன். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. மடப்பள்ளியிலிருந்து சாதக் கரண்டியை எடுத்துவந்து, முழங்கைக்குக் கீழே கையோடு சேர்த்து, ரத்தம் ஓடுகிற மாதிரி தளர்வாகக் கட்டினேன். ஆட்டாமல் வைப்பதற்காகத்தான் அது. வீக்கம் எதுவரை வந்திருக்கிறதோ அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதினேன். ஒருவரைத் தூரத்தில் நின்றே போனில் பாம்பைப் படம் பிடிக்கச் சொன்னேன். அவர் முதலில் பாம்போடு தன்னையும் சேர்த்து எடுத்தார். அதற்கும் கத்தினேன்.

எல்லாம் சரியாகத்தான் செய்தேன், ஒன்றைத் தவிர. மணிக்கட்டில் அந்தக் காப்புக் கயிறு இருந்தது. மோதிரம் மாதிரிதான் அதுவும், கழற்றியிருக்க வேண்டும். கத்திரியை எடுக்கப் போனபோது அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"அது மட்டும் வேணாம்."

"வீங்குனா இறுக்கிடும்ங்க."

"வேணாம்னா வேணாம். ஆஸ்பத்திரிக்கும் நான் வரமாட்டேன். எல்ல தாண்ட முடியாது. இங்கயே ஏதாச்சும் பாருங்க."

மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்கிறது. ஆஸ்பத்திரி அரைமணி நேர தூரத்தில் இருக்கிறது. எல்லைக்கல்லோ கோயிலிலிருந்து ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. இந்த மனிதர் அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சாகப்போகிறேன் என்கிறார். பூசாரியைப் பார்த்தேன். அவர் மேலே பார்த்தார். "நான் என்னாம்மா சொல்றது? கட்டுனது நானு, கட்டச் சொன்னது அவ. அவளத்தான் கேக்கணும்."

கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. கூட்டத்தில் நின்றிருந்த என் நாத்தனாருக்கு, அதாவது அவருடைய சொந்த அக்காவுக்கு, உடம்பு உதறத் தொடங்கியது. கொண்டை அவிழ்ந்தது, கண் மேலே செருகியது. உடுக்கை இல்லை, பம்பை இல்லை, சும்மா நின்ற இடத்தில் அம்மன் இறங்கிவிட்டாள். பூசாரி ஓடிப்போய்க் கற்பூரம் ஏற்றினார்.

"என் புள்ளைய எவ எல்ல தாண்டக் கூப்புடுறது?"

எல்லாரும் ஒரு அடி பின்வாங்கினார்கள். நான் மட்டும் முன்னால் நின்றேன். சாமி மேல் எனக்குப் பயம் உண்டு, பக்தியும் உண்டு. ஆனால் பேனாக் கோட்டைத் தாண்டி வீக்கம் இரண்டு விரல் அகலம் ஏறிவிட்டதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"நான்தான் தாயி கூப்புட்டேன்" என்றேன். "பாம்பு உன் மரத்துலதான் இருந்திச்சி. உனக்குக் குழ ஒடிக்கப் போன கையத்தான் கடிச்சிச்சி. அத நான் கேக்கல. மருந்து ஆஸ்பத்திரியில இருக்கு. நீ போயி எடுத்தாறியா, இல்ல நான் இவரக் கூட்டிட்டுப் போவட்டுமா?"

"அடியே!" என்றார் பூசாரி. சாமியிடம் இப்படி யாரும் பேசி அவர் கேட்டதில்லை போலிருக்கிறது.

"எல்ல தாண்டுனா காவல் இல்ல!" என்று அம்மன் சீறினாள்.

"அப்ப நீயும் வா தாயி! காவலுக்குக் கூடவே வா. காடியில எடம் இருக்கு."

சத்தியமாக யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது. அம்மன் இரண்டு சுற்றுச் சுற்றினாள். வேப்பிலையைத் தரையில் அடித்தாள். பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னாள்.

"முன்னால ஒக்காருவேன்."

என் நாத்தனாருக்குக் காரில் பின்சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி வரும். பத்தாங் காலிக்குக் கல்யாணத்துக்குப் போனபோது மூன்று இடத்தில் நிறுத்தினோம். அம்மனுக்கும் அதே மாதிரியா என்று எனக்குள் ஒரு கேள்வி வந்தது. அதை நான் கேட்கவில்லை. கேட்கிற நேரமா அது? "ஒக்காரு தாயி" என்று எங்கள் காரின் முன்கதவைத் திறந்துவிட்டேன். இரண்டு பேர் என் வீட்டுக்காரரை நடக்கவிடாமல் நாற்காலியோடு தூக்கிவந்து பின்னால் உட்காரவைத்தார்கள். வீக்கம் வந்திருந்த இடத்தில் இரண்டாவது கோடு போட்டேன். சாமியே போகும்போது அவரால் என்ன சொல்ல முடியும்?

காரை எடுத்தேன். முன்சீட்டில் தலைவிரி கோலமாக அம்மன், கையில் வேப்பிலை. இருக்கைப் பட்டை போடவில்லை என்று கார் விடாமல் கத்தியது. அம்மன் ஒருமுறை உறுமிப் பார்த்தாள். கார் நிறுத்தவில்லை. பிறகு தானே பட்டையை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

எல்லைக்கல் வந்ததும் பின்னாலிருந்து, "நிறுத்து" என்றார். நிறுத்தினேன். மேலெல்லாம் வேர்த்து ஊற்றியிருந்தது அவருக்கு.

"அம்மா, போவட்டுமா?" என்று கேட்டார். அக்காவிடம் கேட்கவில்லை, அம்மனிடம்தான் கேட்டார். குரல் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது.

"போ!" என்றாள் அம்மன். கொஞ்ச நேரம் கழித்து, "ஏர்கோன கூட்டு" என்றாள்.

அம்மன் எந்த இடத்தில் மலையேறினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சந்திப்பில் ஒரு மண் லோரி எங்களை உரசுகிற மாதிரி வெட்டிக்கொண்டு போனது. "டேய், கண்ணு தெரியலயாடா ஒனக்கு!" என்று ஒரு சத்தம் வந்தது. அது நாத்தனாரின் சொந்தச் சத்தம். திரும்பிப் பார்த்தால் கொண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"மலையேறிட்டாளா அண்ணி?"

"யாரு? நாம எங்க இருக்கோம்? ஐயோ தம்பி, கை என்னாடா இப்பிடி வீங்கிருக்கு!" என்று ஓவென்று அழத் தொடங்கிவிட்டார். சாமி இருந்தவரைக்கும் கார் அமைதியாக இருந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். வீக்கம் இரண்டாவது கோட்டையும் தாண்டி மணிக்கட்டுக்கு மேலே போய்விட்டது. காப்புக் கயிறு சதைக்குள் அமுங்கி, மஞ்சள் துண்டு மட்டும் வெளியே தெரிந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "வலிக்குதாங்க?" என்று கேட்டேன். "ரோட்ட பாத்து ஓட்டு" என்றார். நான் பயந்துவிட்டேன். பேட்ஜ், பயிற்சி எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. மரத்தடியிலேயே அந்தக் கயிற்றை அறுத்திருக்க வேண்டும் என்பது மட்டும் மனதில் திரும்பத் திரும்ப ஓடியது.

அவசரப் பிரிவில் இருந்தது ஒரு மலாய் டாக்டர், சின்னப் பெண். போனில் பாம்புப் படத்தைப் பார்த்தாள். கரண்டிக் கட்டைப் பார்த்தாள், பேனாக் கோடுகளையும் மணியையும் பார்த்தாள். "யார் செய்தது?" என்று மலாயில் கேட்டாள். நான் என்றேன். "ரொம்ப நல்லாச் செய்திருக்கிறீர்கள் அக்கா" என்றாள். வேறு நாளாக இருந்தால் அதை எழுதி வாங்கி எஸ்டேட் நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருப்பேன். அடுத்த வார்த்தை அந்தக் கயிற்றைப் பற்றி.

"இதை ஏன் இன்னும் விட்டுவைத்தீர்கள்? விரலுக்கு ரத்தம் போகவில்லை. பாருங்கள், நிறம் மாறுகிறது."

நர்ஸ் கத்திரியோடு வந்தார். என் வீட்டுக்காரர் கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். "ஜாங்ஙான் போத்தோங்!" என்றார். வெட்டாதீர்கள் என்று அர்த்தம். விஷமுறிவு மருந்து கொடுக்கப்போகிறோம், ஆனால் கயிறு இப்படியே இருந்தால் கை போய்விடலாம் என்று டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

"போனா போவட்டும்" என்றார் தமிழில்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "என்னா போவட்டும்? லோரிய யாரு ஓட்டுவா? சோறு எதால திம்பீங்க? ஒரு கயித்துக்காக கைய குடுப்பீங்களா? அப்பிடி என்னாதான் வேண்டிக்கிட்டீங்க? நாலு நம்பரு லாட்டரிக்கா?" என்று ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்தினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. டாக்டரைப் பார்த்து மலாயில் பேசத் தொடங்கினார். போன வருடம் என் மனைவிக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது டாக்டர், என்றார். புற்றுநோயாக இருக்கலாம் என்று வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தால் கரகம் தூக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். ஒன்றும் இல்லை என்று வந்தது. இப்போது இதை அறுத்தால் அது திரும்பி வந்துவிடும். கை போனால் எனக்கு இன்னொரு கை இருக்கிறது. அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

இதையெல்லாம் என்னிடம் தமிழில் சொல்ல அவருக்கு வெட்கம். நான் பக்கத்தில் நிற்கிறேன், எனக்கும் மலாய் தெரியும் என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டார் போலிருக்கிறது. கட்டி இருக்கிறது என்று அவரிடம் நான் சொன்ன அன்றைக்கு டிவியில் பந்து விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "ஓ, அப்பிடியா. பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் பந்தைப் பார்த்தார். கல்நெஞ்சக்காரன் என்று மனதுக்குள் ஒரு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தேன். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அறுத்துடும்மா" என்றார்.

"அம்மன் சொல்றாளா அண்ணி?"

"இல்ல. நான்தான் சொல்றேன். சீக்கிரம் அறு."

நர்ஸிடமிருந்து கத்திரியை வாங்கிக்கொண்டேன். அப்படியெல்லாம் கொடுக்கக் கூடாதாம், ஆனால் டாக்டர் தலையசைத்தாள். அவர் பக்கத்தில் குனிந்தேன். "வேண்டுனது எனக்காகத்தான? அப்ப வர்றது எதுவா இருந்தாலும் எனக்குத்தான வரணும். வரட்டும், நான் பாத்துக்கிறேன். கைய நீட்டுங்க" என்றேன்.

"வேணாம்டி" என்றார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் என்னை அவர் டி போட்டுக் கூப்பிட்டதில்லை.

"நீட்டுங்க."

நீட்டினார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கயிறு சதைக்குள் புதைந்திருந்ததால் கத்திரி உள்ளே போகவில்லை. நர்ஸ் தோலை அமுக்கிப் பிடிக்க, மூன்றாவது தடவையில் அறுந்தது. மணிக்கட்டைச் சுற்றி ஆழமாக ஒரு பள்ளம். கயிற்றைக் கீழே போட மனம் வராமல் நாத்தனார் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். பிறகு டாக்டர் வலி மருந்தும் விஷமுறிவு மருந்தும் ஏற்றினாள். ஒவ்வொரு மணி நேரமும் நர்ஸ் வந்து என் கோட்டுக்குப் பக்கத்தில் புதுக் கோடு போட்டார். சாயங்காலத்துக்குள் முழங்கைக்குக் கீழே கை முழுவதும் அளவுகோல் மாதிரி ஆகிவிட்டது. கடைசிக் கோட்டை வீக்கம் தாண்டவில்லை.

புதன்கிழமை எஸ்டேட்டில் கரகம் எடுத்தார்கள். பூசாரியே தூக்கினாராம். அறுந்த காப்பை நாத்தனார் கொண்டுபோய்க் கொடுக்க, அதை அம்மன் சூலத்தில் கட்டிவிட்டாராம். காரில் வரும்போது அம்மன் பட்டை போட்டுக்கொண்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படியோ ஊர் முழுவதும் தெரிந்திருக்கிறது.

கை பிழைத்தது. பெருவிரல் மட்டும் சரியாக மடங்கவில்லை, மடக்கி மடக்கிப் பழக வேண்டும் என்றார்கள். வார்டில் அவர் என்னிடம் அதிகம் பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். பார்வை நேரத்துக்கு நான் உள்ளே நுழைந்ததும் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்ப்பார். பிறகுதான் கஞ்சி என்ன, துவையல் என்ன என்று கேட்பார். முதல் நாள் நான் தும்மினேன். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்னா?"

"தும்மல்ங்க. ஏர்கோன் ஒத்துக்கல."

"ம்."

வியாழக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். துணிமணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். "இந்தா, கிட்ட வா" என்றார். போனேன். "சங்கிலி திரும்பிக் கெடக்குது" என்று சொல்லி, நல்ல கையான இடது கையை என் கழுத்துக்குக் கொண்டுவந்தார். தாலிச் சங்கிலியைப் பிடிப்பது மாதிரி பிடித்துக்கொண்டு, கட்டி எடுத்த பழைய தழும்பு இருக்கும் இடத்திலும் அதற்கு மேலும் கீழும் விரலால் மெதுவாக அமுக்கிப் பார்த்தார். அந்தப் பக்கம் முடித்து இந்தப் பக்கம் வந்தார். லோரிக்கு டயர் பார்க்கிறவர் மாதிரி, ஒரு இடம் விடாமல் பார்த்தார்.

சங்கிலி நேராகத்தான் இருந்தது. அவர் தேடி முடிக்கும்வரை கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றேன்.